சிங்கப்பூரில் பத்தேகால், நகரியில் ராகு காலம்

பத்மினி,

நீ கோயிலுக்குப் போயிருக்க. நம்ம மஞ்சுவைக் கூட்டிக்கினு வர நான் சென்னை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறேன்.

"திங்கக்கிழமை ஏழே முக்காலுக்கா பொண்ணு ஃபிளைட் ஏறணும்? ராகு காலமாச்சே!"ன்னு நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கியே. நமக்கு ஏழே முக்கால்னா சிங்கப்பூர்ல பத்தேகால். அந்த ஊரு ராகு காலம் முடிஞ்சிருக்கும். கடல் மேல கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். பதினொன்னே முக்காலுக்கு இங்க இறங்கிடுவா.

மொச்சைக் குழம்பு வெச்சிடு. ஊர்க் குழம்பு துன்னு வருஷம் ரெண்டாச்சாம்.

தறி ரூம் சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்குது.

தாமோதரன்

பி.கு: ஏழரைக்கு முன்னாடியே வாசல் தாண்டிடறேன். ராகுவுக்குப் பயந்து இல்ல, உனக்குப் பயந்து.