அழுமூஞ்சி அண்ணன்

மார்ச் 3
இன்று என் வீட்டுக்காரர் நாலு அடி நடந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. திரும்பி வரமாட்டேன் என்று அங்கேயே நாற்காலி போடச் சொல்லிவிட்டார். பஸ் டெப்போவில் வழுக்கி விழுந்து, வலது தொடையில் தகடு வைத்து ஏழு வாரம் ஆகிறது. எலும்பு சேர்ந்துவிட்டது, பயம்தான் போகவில்லை என்கிறாள் பிசியோ பெண். மே மாதம் தகுதிப் பரிசோதனை. அதில் தேறினால்தான் மறுபடி பஸ் ஓட்ட விடுவார்கள். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், இப்போது டிவி ரிமோட்டைக்கூட எடுத்துத் தரச் சொல்கிறார்.

மார்ச் 7
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி வீடு மாறுகிறார். ஃபிரேமில் லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரையும் சின்னதாக ஒரு இசைத்தட்டையும் தலையில் கட்டிவிட்டார். லேபிளில் புரியாத மொழி. பிளேயரின் ஓரத்தில் ஒரு சுவிட்ச், எதற்கென்று தெரியாததால் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டேன். அடிக்குரலில் ஒரு ஆள், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிறான். நடுநடுவே கைதட்டல், ஈரத்துணியை உதறுவது போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு இந்த அழுமூஞ்சி?" என்றார் இவர்.

"எங்க அண்ணன்" என்றேன்.

ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 8
கைதட்டலுக்கு ஒரு அடி என்று நடந்தார். பதினொன்று.

மார்ச் 15
இருபத்திரண்டு. "உங்க அண்ணனை எழுப்பு" என்பதுதான் இப்போதெல்லாம் காலையில் முதல் பேச்சு.

மார்ச் 22
அண்ணனின் வேறு பாட்டு கிடைக்குமா என்று, தட்டையும் எடுத்துக்கொண்டு பழைய ரெக்கார்டு கடைக்குப் போனேன். "ரொம்ப சோகமா பாடுவாருங்க" என்றேன். கடைக்காரர் லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பிளேயரில் போட்டார்.

கல்யாண வீடு மாதிரி ஒரே கூச்சல். பியானோ துள்ளுகிறது. கைதட்டல் படபடவென்று விழுகிறது. பாடுவது ஒரு பெண். அதுவும் சிரித்துக்கொண்டே.

"இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துல ஓடணும்மா. நீங்க முப்பத்திமூணுல போட்டு அழ வெச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு பூகலூ. லத்தீன் சோல்னும் சொல்லுவாங்க. ஸ்பானிஷ் பேசுற பசங்களும் கறுப்பினப் பசங்களும் அக்கம்பக்கத்துல வளந்து, ரெண்டு வீட்டுப் பாட்டையும் கலந்து அடிச்சது. ஆடுறதுக்குன்னே போட்டது."

லென்ஸில் கால் பாயின்ட் பவர் மாறினாலே கண்டுபிடிக்கிற நான், லேபிளில் கொட்டை எழுத்தில் இருந்த நாற்பத்தைந்தைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் மூன்று தட்டு போட்டுக் காட்டினார். எனக்குத் தெரியாமலே என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருப்பது ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

வீட்டில் சொல்லவில்லை. இந்த வேகத்துக்கு இவர் கால் வராது. பயந்துபோய் மறுபடி உட்கார்ந்துவிட்டால்? அண்ணனையே அழவிட்டேன்.

மார்ச் 23
சொல்லவில்லை.

ஏப்ரல் 2
வேலை முடிந்து வரும்போது மாடிப்படியிலேயே கேட்டுவிட்டது. நாற்பத்தைந்து. கிளம்புமுன் நான் தூசி துடைத்தபோது கை பட்டு அந்த வேக சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. ஜன்னலோரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க அண்ணன் பொம்பளை ஆயிட்டாரு."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பதினோரு நாளாகத் தெரியும் என்றேன்.

"நான் நொண்டுறேன்னு பாட்டையும் நொண்ட வெச்சிட்டியா?"

ஐயோ, அப்படி இல்லைங்க. நீங்க நடந்தா போதும்னுதானே இருந்தேன். அண்ணன் அழுதா என்ன, அக்கா சிரிச்சா என்ன, எனக்கு நீங்க எழுந்து நிக்கணும் — இதில் ஒரு வார்த்தைகூட அப்போது வாயில் வரவில்லை. எழுதும்போது வருகிறது.

ஏப்ரல் 3
பாட்டு இல்லை, நடை இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். நிஜமாகவே போட மறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 5
தலை சீவிக்கொண்டிருந்தேன். "அந்தப் பொம்பளையப் போடு. ஒரு கை பாத்துடலாம்" என்றார்.

முதலில் நாலு கைதட்டலுக்கு ஒரு அடி. பிறகு இரண்டுக்கு ஒன்று. மூச்சு வாங்குகிறது, வாக்கர் தரையில் தடதடக்கிறது. கீழ்வீட்டுக்காரர் என்ன இடிக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தவர், பாட்டு முடியும்வரை வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 28
கைத்தடி மட்டும். வாக்கரில் துண்டு காய்கிறது. ரெக்கார்டு கடைக்கு இரண்டு பேரும் நடந்தே போய் இன்னொரு பூகலூ வாங்கி வந்தோம். வழியெல்லாம் இவர்தான் பேசினார்.

மே 14
பரிசோதனை முடிந்தது. நடை நன்றாக இருக்கிறதாம். ஆனால் பிரேக்கை ஓங்கி மிதிக்கிற பலம் அந்தக் காலுக்கு இனி வராதாம். டெப்போவில் நேரம் குறிக்கும் வேலை தருகிறார்கள்.

சட்டையைக்கூட மாற்றாமல் நேரே பிளேயரிடம் போனார். பழைய தட்டைப் போட்டு, சுவிட்சை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினார்.

"உங்க அண்ணன் கொஞ்ச நேரம் அழட்டும்."

அண்ணன் அழுதார். இவரும் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தட்டு முடிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவிட்சை மாற்றினார். கைத்தடியைக் கட்டிலில் போட்டுவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"காலை மிதிச்சா திட்டக் கூடாது."

மூன்று தடவை மிதித்தார். பலமாகத்தான் இருந்தது.