சில்லி பாயின்ட்டிலிருந்து நான் எடுத்த ஆள்

நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மானாம்பதி தாண்டியதும் முன் சீட்டுக்காரர் போனைச் சத்தமாக வைத்து டெஸ்ட் மேட்ச் பார்க்க ஆரம்பித்தார். கடைசி நாள் ஆட்டம். எதிரணிக்கு ஏழு விக்கெட் போய்விட்டது. நம் கேப்டனோ பவுண்டரியில் ஐந்து பேரை நிறுத்தியிருக்கிறார் என்று வர்ணனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். லாங் ஆன், டீப் மிட்விக்கெட், டீப் ஸ்கொயர் லெக் என்று ஒவ்வொரு இடமாக அவர் படித்துக்கொண்டே போனார். "இன்னா கேப்டன்பா இவன், ஏழு விக்கெட் எடுத்துட்டு வூட்டுக்குப் போற மாதிரி நிக்கிறான்" என்றார் போன்காரர். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால் அந்த ஆளோடு உத்திரமேரூர் வரும்வரை பேசியிருப்பாய். டெஸ்ட் பற்றிப் பேச உனக்கு இன்ன ஆள்தான் வேண்டும் என்று இருந்ததில்லை. ஆட்டோக்காரர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், யாரானாலும் சரி. ஒரு நாள் மேட்ச் என்றால் எழுந்து போய்விடுவாய். "அது பேட்ஸ்மேனுக்குப் போடற சோறுடா. பவுலருக்கு டெஸ்ட்டுதான்" என்பாய்.

நாம் இரண்டு பேரும் டெஸ்ட் பார்த்த விதமே வேறு. பஞ்சாயத்து டிவி முன்னால் மற்றவர்கள் ஸ்கோரைப் பார்ப்பார்கள். நீ பீல்டர்களைப் பார்ப்பாய். கேமரா எப்போதாவது தூரத்திலிருந்து மைதானம் முழுவதையும் காட்டினால் எழுந்து போய் விரலால் ஆட்களை எண்ணுவாய். கவரில் ஏன் ஆள் இல்லை என்று நான் கேட்பேன். "டிரைவ் ஆடட்டும்னு வுட்டுகீறான்டா. ஆசைப்பட்டு வந்தான்னா ஸ்லிப்புல கேட்ச்சு" என்பாய். சொன்ன இரண்டாவது ஓவரில் அப்படியே நடக்கும். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

நீ இடது கை ஸ்பின்னர். நான் கேப்டன். நான் ஏன் கேப்டன் ஆனேன் என்றால் எனக்குப் பேட்டிங்கும் சுமார், பவுலிங்கும் சுமார், ஆனால் சண்டை வந்தால் சமாதானம் பேசுவேன். நம் காலனி டீமுக்கு அது போதுமாக இருந்தது. வைகாசியில் ஏரி காய்ந்ததும் நடுவில் பிட்ச்சுக்குக் கயிற்றுப் பாய் விரித்து ஆணி அடித்து, சாலவாக்கத்துக்காரர்களோடு இரண்டு நாள் மேட்ச். சுற்றுப்பட்டில் எல்லோரும் டென்னிஸ் பந்தில் பத்து ஓவர் ஆடும்போது, சிவப்புப் பந்தில் இரண்டு இன்னிங்ஸ் ஆடிய பைத்தியங்கள் நாம் இரண்டு ஊர்க்காரர்கள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நம் சர்ச் மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது. வெற்றி தோல்வி இல்லாமல் மணி அடித்துவிட்டால், போன வருஷம் கப்பு யாரிடம் இருந்ததோ அவர்களே வைத்துக்கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு.

அந்தக் கப்பு முதல் தடவையாக நம்மிடம் இருந்த வருஷம்தான் நான் சொல்லவரும் மேட்ச் நடந்தது. சர்ச்சில் பைபிள் மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஜெபத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை இழந்த கேப்டன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அந்த மேட்ச்சை நினைத்து முந்தின வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு இதெல்லாம் இல்லை. கடைசி இன்னிங்ஸில் அவர்களுக்கு நூற்று முப்பத்தொன்று வேண்டும். ஒரு ஸ்லிப், ஒரு லெக் கல்லி, பேட்டைக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் சில்லி பாயின்ட். இந்த மூன்றும் கேட்டாய், கொடுத்தேன். சில்லி பாயின்ட்டில் உன் மச்சான் நின்றான், தலையில் பைக் ஹெல்மெட்டோடு. கண்ணாடியை இறக்கினால் பந்து தெரியவில்லை, ஏற்றினால் பயமாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே நின்றான். "பீல்டர மூஞ்சிகிட்ட நிக்கவச்சா பேட்ஸ்மேன் யோசிப்பான். கோட்டுகிட்ட நிக்கவச்சா தூங்குவான்" என்று அவனைத் தட்டிக்கொடுத்தாய். பாயில் உன் பந்து எம்பும், திரும்பும். டீ நேரத்துக்குள் நாலு விக்கெட் போயிருந்தது. மூன்று உன்னுடையது, அதில் இரண்டு உன் மச்சான் பிடித்தது. அவர்கள் ஐம்பத்திரண்டு ரன்.

மேட்ச்சுக்கு அம்பயராக நின்றவர் நம் பள்ளிக்கூடத்துப் பி.டி. சார். டீ குடிக்கும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கரை மேல வேப்ப மரத்தடில ஒருத்தர் ஸ்கூட்டர் போட்டுக்கினு ஒக்காந்துகீறாரு பாரு. மெட்ராஸ் லீக்ல ஆடற கிளப்புக்காரரு. உன் ஸ்பின்னரப் பாக்கத்தான் வரச் சொன்னேன். புடிச்சிருந்தா இட்டுனு போயி கம்பெனில வேலையும் போட்டுத் தருவாங்க. அவன்கிட்ட சொல்லாத, கை நடுங்கும்" என்றார்.

இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

டீ முடிந்து வந்த முதல் ஓவரில் அவர்களுடைய ஆறாம் நம்பர் ஆட்டக்காரன் உன்னைக் கரைக்கு மேல் ஒரு சிக்ஸ் அடித்தான். அடுத்த பந்தையும் அதே இடத்துக்கு அடித்தான். நான் உன் மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவன் நிம்மதியாக ஹெல்மெட்டோடு டீப் மிட்விக்கெட்டுக்கு ஓடினான். லெக் கல்லியைப் பின்னால் தள்ளினேன். ஸ்லிப்பையும் எடுத்தேன். பிறகு உன்னிடம் வந்து, ஓவர் தி விக்கெட் வந்து லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே பாயின் ஓரத் தையல் மேல் போடச் சொன்னேன். அங்கே குத்தினால் எல்.பி.டபிள்யூ. கிடையாது. பேட்ஸ்மேன் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கலாம். ரன்னும் வராது, விக்கெட்டும் வராது, மணி அடித்துவிடும்.

"வேணாம்டா கேப்டன்" என்றாய். "ரெண்டு சிக்ஸ் அடிச்சிட்டான். மூணாவது அடிக்க வருவான். அத்த நான் மெதுவா வுடுவேன். சில்லி பாயின்ட்ட மட்டும் குட்றா, போதும்."

"கப்பு நம்ம கைல கீது. இன்னாத்துக்கு ரிஸ்க்கு?" என்றேன்.

நீ பந்தைச் சட்டையில் ஒரு தடவை துடைத்தாய். "கேப்டன் நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஓவர் போட்டாய். சொன்ன இடத்திலேயே போட்டாய். தையல் மேல், தையல் மேல், தையல் மேல். உன்னைவிடச் சுமாரான பவுலர் யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் தவறியாவது நேராகப் போட்டு விக்கெட் எடுத்திருப்பான். உனக்குத் தவறவே இல்லை. பேட்ஸ்மேன்கள் காலை நீட்டி நீட்டித் தள்ளினார்கள். கரையில் இருந்த ஜனங்கள் ஒருவர் ஒருவராக வீட்டுக்குப் போனார்கள். ஐந்தரை மணி இருக்கும், வேப்ப மரத்தடியில் இருந்தவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். அவர் கரை இறங்கி ரோட்டில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. அப்போதும் நான் சில்லி பாயின்ட்டைக் கூப்பிடவில்லை.

கப்பு தங்கியது. என்னைத் தோளில் தூக்கினார்கள். நீயும் ஒரு பக்கம் தூக்கினாய்.

ஒரு மாதம் கழித்து நீ என் வீட்டுக்கு வந்தாய். வாசலில் சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடாமல், ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டே பேசினாய். பி.டி. சார் சொன்னாராம், அன்றைக்கு மெட்ராஸ்காரர் ஒருத்தர் வந்திருந்தாராம், லைன் நன்றாகப் போடுகிறான், ஆனால் விக்கெட் எடுக்கிற ஆளாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாய்.

"தெரியாதுடா" என்றேன்.

"சரி வுடு. தெரிஞ்சிருந்தா ஒரு சில்லி பாயின்ட்டாவது குடுத்திருப்ப" என்று சைக்கிளைத் திருப்பினாய்.

ஊரில் சாதாரணமாகப் பொய் சொல்கிற ஆள் இல்லை நான். அந்த ஒன்றைச் சொன்னேன். கப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கே வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன். பி.டி. சார் சொன்ன நிமிஷமே, நீ போய்விடுவாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. போய்விட்டால் அடுத்த வருஷம் எனக்கு யார் பந்து போடுவார்கள்? நான் யாரோடு உட்கார்ந்து டெஸ்ட் பார்ப்பேன்? இப்படித்தான் ஓடியது புத்தி. கையில் இருப்பது போய்விடக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கேப்டன்சி. கப்பையும் வைத்துக்கொண்டேன், உன்னையும் வைத்துக்கொண்டேன்.

நீ கிரஷரில் வேலைக்குச் சேர்ந்தாய். கல் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பெல்ட்டைப் பார்க்கிற வேலை. சாயங்காலம் வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வாயில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, முதல் வார்த்தையாக ஸ்கோர் கேட்பாய். ஏழெட்டு வருஷத்தில் இருமல் வந்தது. மார்பில் தூசி படிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அப்புறமும் கொஞ்ச நாள் பந்து போட்டாய். நாலு அடி எடுத்து வைத்துப் போடுகிற பந்துக்கே மூச்சு வாங்கியது. நான் அப்போதும் கேப்டனாகத்தான் இருந்தேன். ஓவருக்கு நடுவில் பீல்டிங்கை மாற்றுகிற மாதிரி நேரத்தை இழுத்து, நீ மூச்சு விட்டுக்கொள்ள இடம் கொடுப்பேன். அது உனக்குத் தெரியும். "பேஜார் பண்ணாதடா, போடறேன்" என்பாய்.

மெட்ராஸ் போயிருந்தால் நீ பெரிய ஆள் ஆகியிருப்பாய் என்று நான் சொல்லவில்லை. பாய் இல்லாத பிட்ச்சில் உன் பந்து திரும்பியிருக்குமோ என்னவோ. ஆனால் அந்தத் தூசியில் நின்றிருக்க மாட்டாய். இதை நான் யாரிடமும் பேச முடியாது. பேசினால் "விதி" என்று சொல்லி என் தோளைத் தட்டுவார்கள். எனக்கு அந்தத் தட்டல் வேண்டாம்.

கடைசி மாதங்களில் உன் வீட்டுக்குத் தினமும் வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து போனில் டெஸ்ட் பார்த்தோம். நீ ஆக்சிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டே, "எட்றா அந்த பாயின்ட்ட, முன்னாடி கொண்டா" என்று போனிடம் சொல்வாய். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவேன். நோயாளியிடம் இதையெல்லாம் சொல்லலாமா, மனசு கஷ்டப்படுவானே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு எழுந்து போவேன். வெட்கமாக இருக்கிறது. உன் மனசுக்காக அல்ல. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். சில நாள் நான் கிளம்பும்போது, "இன்னாடா, இன்னாவோ சொல்ல வந்த மாதிரி கீது" என்று கேட்பாய். "ஒண்ணியும் இல்ல" என்பேன். நீ விட்டுவிடுவாய்.

தை மாதம் போய்விட்டாய். பதினாறாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் உன் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மெட்ராஸ்காரரு வந்த அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிட்டேன்னு பி.டி. சாரு இவருகிட்ட சொல்லிகீறாரு. உங்க வூட்டாண்ட வந்து கேக்கறதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரியும்."

டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எனக்குக் கோவம்தான், மறைக்க மாட்டேன். நேரா கேட்டுடு, இன்னாத்துக்கு உள்ள வச்சிக்கினுகீறன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். அதுக்கு அவரு, நான் ஒரு தபா கேட்டுட்டேன், அவனா சொல்லட்டும், சொல்வான் பாருன்னுவாரு. நீங்க வர்ற நாள்ல எல்லாம் என்னைப் பின்னாடி வூட்டுக்குப் போவச் சொல்வாரு. நான் இருந்தா நீங்க பேச மாட்டீங்களாம்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

தெரிந்துகொண்டேதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் பொய் சொல்வதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, மறுநாளும் என்னோடு டெஸ்ட் பார்க்க வந்திருக்கிறாய். இருபது வருஷம். கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டே, வீட்டில் யாரும் இல்லாதபடி செய்து, எனக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறாய். நான் ஒரு நாளும் கிரீஸை விட்டு வெளியே வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது நேற்றும் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். தினமும் சொல்கிறேன். நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது, இரண்டே வார்த்தை.

தெரியும்டா. மன்னிச்சிடு.