பெயிண்ட் அடிக்கும் வீடு

என் செல்ல மகளுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். போனில் கேட்டால், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உன் ஊர் ஒரேயடியாகப் பிடித்துப்போய்விட்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர், ஒரு பூங்காவிலும் இறங்கி உட்கார்ந்ததில்லை. தெருவுக்கு ஒரு பூங்கா, கடலைப் பார்த்தபடி மேஜை போட்டுச் சாப்பாடு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறார். அவர் தட்டிலிருந்து காகம் தூக்கிப்போன மீன் துண்டு, இப்போது முழு மீனாகிவிட்டது.

எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று எங்களை லாட்ஜில் தங்க வைத்தாய். காலையில் ஒரு பூங்கா, மாலையில் ஒரு பூங்கா, மூன்று வேளையும் வெளியில் சாப்பாடு. உன் வீட்டு வாசலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. உன் துணியில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை, வாசனையும் இல்லை. சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்கப் பார்த்தாயே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் வராதே!

கடைசி நாள் அந்தக் கடற்கரை ஓட்டலில் நீ முன்னால் போய் உட்கார்ந்தாய். பரிமாறுகிறவர் உன்னைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் எதிரிலிருந்த நாற்காலிகளைத் தூக்கிப் பக்கத்து மேஜைக்குப் போட்டார். நீ பதறிப்போய், "இன்னிக்கு வேணும்ணே, அம்மா அப்பா வந்திருக்காங்க" என்றாய். தினமும் தனியாத்தானே வருவீங்க, அந்தப் பழக்கத்துல எடுத்துட்டேன் என்று அவர் சிரித்தார். நான் உன் பின்னால்தான் நின்றிருந்தேன். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வெளியூர் போகவில்லை, உன்னை விட்டே போய்விட்டார் என்று அப்போதே புரிந்துவிட்டது. ஓர் அடுப்புகூட இல்லாத ஏதோ ஓர் அறையில் இருக்கிறாய் போல. ஊருக்குத் திரும்பும் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கண்ணில் தூசி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலை மூடினார்.

நெஞ்சு வலி வந்த மனுஷர், அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் பார்த்தால், உன் அறையில் போட்டுவைத்திருந்த என் தையல் மெஷினையும் பழைய சாமான்களையும் ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். உன் மெத்தை வெயிலில் கிடந்தது. இந்த உடம்போடு இது என்ன வேலை என்று அதட்டினேன். என் முகத்தைப் பார்க்காமலே, "அங்க பெயிண்ட் அடிக்கிறாங்கல்ல. அந்த வாசனை பிள்ளைக்கு ஒத்துக்காது. வேலை முடியற வரைக்கும் இங்க வந்து இருக்கட்டும்" என்றார். அப்புறம் தூசி போன மெத்தையையே மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே நாங்கள் உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். அக்கம்பக்கத்தில் கேட்டால், அப்பா சொன்னதையே நானும் சொல்வேன். அந்தப் பெயிண்ட் வேலை முடிய எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். கிளம்பி வந்துவிடு, கண்ணே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா