தண்ணீர் கலக்காத கிண்ணம்

செப்டம்பர் 8
பத்தாம் வகுப்புக்கு எடுக்க வேண்டிய கரைசல்கள் பாடத்துக்குக் குறிப்பு எழுதினேன். மாலையில் ஸூராபுடன் அவன் ஜார்ஜியச் சபைக் கோயிலுக்குப் போனேன், நவம்பரில் எங்கள் கல்யாணத்துக்குத் தேதி கேட்க. ஃபாதர் இலாரியோன் தேநீர் கொடுத்தார். பிறகு, ஆர்மீனியச் சபையில் நான் வாங்கிய ஞானஸ்நானம் போதாது என்றார். மறுபடி எண்ணெய் பூச வேண்டுமாம். அதற்குமுன், என் முன்னோர் கிறிஸ்துவைத் தவறாக நம்பினார்கள் என்று எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டுமாம்.

"அவருக்கு ஒரே இயல்புதான்னு உங்க ஆளுங்க சொல்றாங்கம்மா. கடல்ல விழுந்த துளியா மனுஷத்தனம் கரைஞ்சு போச்சுன்னா, சிலுவையில வலிச்சது யாருக்கு?"

நல்ல கேள்விதான். ஆனால் கரைந்தது என்று நாங்கள் எப்போது சொன்னோம்? தெய்வமும் மனுஷனும் பிரிக்க முடியாமல் ஒன்று என்றுதானே சொல்கிறோம்.

செப்டம்பர் 9
ஸூராப் சொல்கிறான்: "மூணு வரி. வாயால சொல்லிடு, மனசுல வேற நெனச்சுக்கோ."
வாய் வேறு, மனசு வேறு. கிறிஸ்துவைப் பிளக்க மறுக்கிறவளிடம், உன்னையே பிளந்துகொள் என்கிறான்!

செப்டம்பர் 21
அவன் அக்கா நானுலி சீஸ் ரொட்டியோடு வந்தாள்.
"நாப்பத்தஞ்சு வயசுல கல்யாணம். அதுல கொள்கை வேறயா, சிரானுஷ்? பூசையில உங்க நற்கருணைக் கிண்ணத்து ஒயின்ல, நாங்க சேர்க்கற மாதிரி ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டீங்களே, அதே பிடிவாதம்!"
"ஆமா, அதேதான்."
கதவை அறைந்துவிட்டுப் போனாள். ரொட்டி இங்கேயே இருந்தது. சூடாகவே தின்றேன்.

செப்டம்பர் 29
மறுபடி ஃபாதரிடம்.
"பழுக்கக் காய்ச்சின இரும்பைத் தொட்டா கை சுடுது. இரும்பும் அழியல, நெருப்பும் அழியல. ஆனா சுட்டது எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க பாப்போம். கிறிஸ்துவும் அப்படித்தான். பசிச்சதும் அவருக்குத்தான், செத்தவனை எழுப்பினதும் அவர்தான். ரெண்டும் ஒருத்தர்தான், ஃபாதர்."
"இதைத்தானேம்மா நாங்களும் சொல்றோம்."
"அப்போ நான் எதை விடணும்?"
"சட்டம் என் கையில இல்லம்மா."
"என் வாயும் உங்க கையில இல்ல."

அக்டோபர் 3
மாட்டேன்.

அக்டோபர் 13
ககேத்தியில் திராட்சை அறுவடை. ஸூராப் அங்கே தோட்டத்தில். அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாமோ? இல்லை. எங்க ஜனங்க இதுக்காக என்னெல்லாம் பட்டாங்க, நான் தலையில வைக்கிற ஒரு கல்யாணக் கிரீடத்துக்காக— இல்லவே இல்லை.

நவம்பர் 3
பூசைக்கு முன் ஸூராப் எங்கள் கோயிலுக்குள் வந்து நின்றான். தோளில் ஒயின் ஜாடி, நகமெல்லாம் திராட்சைக் கறை. பூசைக்கு ஆகுமா என்று எங்கள் ஃபாதர் மெஸ்ரோப் முகர்ந்து பார்த்தார்.
"தண்ணி கிண்ணி கலக்கலையே தம்பி?"
அவன் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா தோட்டத்து ஒயின்ல தண்ணியா? யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க!"
பாடகர் குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது.
"இங்க கல்யாணம் பண்ணிக்கறோம் ஃபாதர். ஆனா என் சபையை விட மாட்டேன்."
"யாருப்பா விடச் சொன்னா?"

நவம்பர் 10
எங்கள் கோயிலில் கல்யாணம். நானுலி உள்ளே வரவில்லை. துணியில் சுற்றிய ரொட்டியோடு வாசலிலேயே நின்றாள். சூடு ஆறுவதற்குள் முடிக்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினாள். தலையில் கிரீடத்தோடு ஸூராப் சிரித்துவிட்டான்.