அத்தாவின் குரலில் ஒரு தொலைபேசி

6 மே 2024, திங்கள்

இதனால் செனாவாங், ரந்தாவ், கோலா சாவா வட்டாரப் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்: காதர் மைதீன் மசாலா கம்பெனியின் தொலைபேசிப் பெட்டி இன்று காலை 10.40 மணிக்குக் காலமானது. வயது பத்தொன்பது. உள்ளே ஒரு பல்லி பொசுங்கிக் கிடந்தது. கொலையாளியும் சம்பவ இடத்திலேயே பலி.

இந்த மாடலுக்கு இனி பாகம் கிடைக்காது என்று ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். எழுபது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இப்போது முதலாளியான என் அத்தாவின் கைப்பேசி ஒன்றுதான் காது.

7 மே

இன்டர்நெட் போனுக்கு மாறுகிறோம். மூன்று கம்பெனிகள் விளக்கப் புத்தகம் அனுப்பியிருக்கின்றன.

“எஸ்.பி.எம். பரீட்ச எழுதிட்டு சும்மாதான கெடக்கிற இக்ராம். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு” என்றார் அத்தா.

பதினேழு வயதில் தொலைத்தொடர்பு அமைச்சர். எதிர்க்கட்சி: என்னைப் பெற்ற உம்மா.

9 மே

அலசி ஆராய்ந்து மூன்றாவதைச் சிபாரிசு செய்தேன். அழைப்பை இயந்திரமே எடுக்கும்; ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு என்று அனுப்பிவைக்கும். இரண்டு வாரம் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். அத்தாவுக்குப் பரம திருப்தி.

“அப்ப பூரணத்த மிளகாய் அரைக்கிற பக்கம் லேபிள் ஒட்டப் போட்டுக்கலாம்” என்றார்.

பூரணம் ஆன்ட்டி இருபது வருடமாக எங்கள் ஆப்பரேட்டர். இளைப்பு உள்ளவர். மிளகாய் நெடி லேசாக வந்தாலே இன்ஹேலரைத் தேடுவார். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

இதை நான் யோசிக்கவே இல்லையே.

13 மே

வரவேற்புக் குரல் பதிவு. அத்தா மாதிரி பேசுவதில் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நான்தான் சாம்பியன். பதிவு இதுதான்: “ஆ… சொல்லுங்க.” பிறகு, அத்தா வழக்கமாகக் காத்திருக்கும் அந்த நாலு விநாடி மௌனம். அதற்கப்புறம்தான் “ஆர்டருக்கு ஒன்றை அழுத்தவும்.” அந்த நாலு விநாடியில்தான் கலையே இருக்கிறது. அத்தாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. தானாகக் கேட்டுத் திடுக்கிடட்டும்.

15 மே

இயந்திரம் வேலைக்குச் சேர்ந்தது. ஒரு ஆர்டரும் வரவில்லை. “மழை லா” என்றார் அத்தா.

17 மே, வெள்ளி

கோலா சாவாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்லம்மா அக்கா அத்தாவின் கைப்பேசிக்கு அடித்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

“சரக்கு எங்க பாய்? ரேக்கு காலியா கெடக்கு.”

“நீங்க ஆர்டரே சொல்லலியேம்மா.”

“புதன்கிழம உங்ககிட்டயேதான சொன்னேன். ‘ஆ சொல்லுங்க’ன்னீங்க, சொன்னேன்.”

“என்கிட்ட நீங்க பேசவே இல்ல.”

“அப்ப நான் பொய்யி சொல்றனா? சரி பாய். பதினஞ்சு வருஷம் எடுத்தாச்சு. இனிமே வேற எடத்துல பாத்துக்கிறேன்.”

அத்தா தேத்தண்ணியைத் தொடவில்லை. ‘நல்ல மனுசி, ஏன் இப்படிப் பொய் சொல்லுது’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கேயேதான் நின்றேன். வாய் — அது மட்டும் வெளியூர் போயிருந்தது.

18 மே

எல்லா அழைப்பையும் அந்த சிஸ்டம் பதிவு செய்கிறது. திறந்து கேட்டேன். பத்தொன்பது பேர். அத்தனை பேரும் என் நாலு விநாடிக்குள் பேசிவிட்டு வைத்திருக்கிறார்கள். “போன வாரம் மாதிரியே போட்டுடுங்க பாய். சீரகம் மட்டும் கூட லா.” யாரும் பேர் சொல்லவில்லை. எங்கள் கடைக்காரர்கள் என்றைக்குச் சொன்னார்கள்? நம்பர் இருக்கிறது, ஆனால் மகன் போன், லாரி டிரைவர் போன் என்று கையில் அகப்பட்டதில் அடித்திருக்கிறார்கள்.

லேப்டாப்பைப் பூரணம் ஆன்ட்டியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இது ரந்தாவ் மணியம். கோழி கத்துது கேட்டீரோ? பாசாருக்குப் பின்னால நிண்டு பேசுறார். போன கிழமை அவருக்கு ஆறு பெட்டி.”

அரை மணி நேரத்தில் பத்தொன்பதும் தாளில் ஏறிவிட்டன. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“முதல்ல பேசுற குரல் ஆருடையது?”

“அத்தா…” என்று இழுத்தேன்.

“இருபது வருஷமா அந்தக் குரலுக்கு லைன் குடுத்தனான், தம்பி. நீர் போய்ச் சொல்லும். நான் சொல்ல மாட்டன்.”

20 மே

சொல்லிவிட்டேன். அத்தா பதிவை மூன்று தரம் கேட்டார்.

“நான் இப்படியா பேசுறேன்?”

“ஓம் பாய், இப்பிடித்தான்” என்றார் ஆன்ட்டி.

சொல்வதுதான் சொல்கிறோம் என்று மிச்சத்தையும் கொட்டினேன். மற்ற இரண்டு புத்தகங்களை நான் திறக்கவே இல்லை. மூன்றாவதன் அட்டையில் மைக் படம் போட்டிருந்தது. ஆராய்ச்சி அவ்வளவுதான்.

தீர்ப்பு: சிஸ்டம் இருக்கட்டும். பகலில் ஆன்ட்டிதான் எடுப்பார். கம்பெனி மூடிய பிறகு மட்டும் இயந்திரம், அதுவும் வேறு குரலில். ஆன்ட்டிக்குப் புது ஹெட்செட். அமைச்சர் பதவி பறிபோனது.

செல்லம்மா அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. “எனக்கு பாய் கொரலு தெரியாதா? அத்தாவக் காப்பாத்தப் பாக்காதடா.”

“நேர்ல போ” என்றார் அத்தா.

21 மே

செல்லம்மா அக்கா கேட்ட சரக்கோடு மசாலா லாரியில் கோலா சாவா. கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“நீதானா அது? எங்க, செஞ்சி காட்டு” என்றார் செல்லம்மா அக்கா.

தொண்டையைச் செருமினேன். “ஆ… சொல்லுங்க.” கீச்சென்று என் குரலே வந்தது. பாதியில் உடையவும் செய்தது. இன்னொரு தரம் செய்யச் சொன்னார். குரல் இன்னும் மோசம்; பிறகு விட்ட நாலு விநாடி இடைவெளி மட்டும் அச்சு அசல் அத்தா. ரொட்டி வாங்க வந்த சின்னப் பெண்கூடச் சிரித்தாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “இதுக்கா நான் பாய்கிட்ட சண்ட போட்டேன்” என்றார். “பெட்டிய உள்ள கொண்டாந்து வையி.”

“சரிங்கக்கா” என்றேன். சொந்தக் குரலில்தான்.