பிடுங்கிய பலகையை மீண்டும் நட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
படகுத்துறைச் சீட்டுப் பரிசோதகர்,
படகுத்துறைத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
சுற்றுலா அலுவலர் அவர்கள்,
நகரச் சுற்றுலா அலுவலகம்.

பொருள்: என் வீட்டு வாசலில் தங்கள் அலுவலகம் நட்ட பலகை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "பண்டைய இல்லம். பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை" என்ற பலகை, அடுத்த தெரு மாளிகைக்கு உரியது. அங்கே பாறை, கடப்பாரை இறங்கவில்லை. "இங்கதான் சார் மண்ணு இளக்கமா இருக்கு" என்று விளக்கம் தந்துவிட்டு, தங்கள் ஆட்கள் அதை என் வாசலில் நட்டார்கள்.

2. மறுநாள் முதல் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். நாளெல்லாம் பிறர் சீட்டைக் கிழித்து உள்ளே விடுபவன் நான்; என் வீட்டுக்குள்ளேயே சீட்டில்லாமல் வந்தார்கள். சோபாவில் உறங்கிய என் மாமனாரைப் பொம்மை என்று எண்ணி ஓர் அம்மையார் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மாமனார் தும்மியதும் எல்லோரும் கைதட்டினார்கள். இதையெல்லாம் முந்தைய இரு மனுக்களில் காரசாரமாக எழுதியிருந்தேன். அவற்றில் 'தூங்குமூஞ்சி அலுவலகம்' என்று குறிப்பிட்டதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

3. அம்மனுக்களில் எழுதாத ஒன்று உண்டு. மச்சினன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சுற்றுலாப் பருவம், விடுப்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. வேண்டியதை மாமனார் மூலம் சொல்லியனுப்புவோம். மாமனாருக்குக் காது மந்தம்.

4. வெளியார் முன்னிலையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. "இவர் என் வீட்டுக்காரர்" என்று ஒப்புக்கு அறிமுகப்படுத்தினாள். ஒருவர், நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டார். சீட்டில்லாமல் படகேறிய அவளை நான் இறக்கிவிட்ட கதையைச் சொன்னாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், ஐயா. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரத் தொடங்கினேன்.

5. இந்நிலையில் சென்ற வாரம், என் மனுக்களின் மீது நடவடிக்கை எடுத்து, தாங்கள் பலகையைப் பிடுங்கிச் சென்றீர்கள். அசையாத அலுவலகம் அசைந்தது என் கெட்ட நேரம். வீடு பழையபடி வாயடைத்துவிட்டது. நேற்று மாலை அவள் வாசலில் நின்று, பலகை இருந்த குழியைப் பார்த்தபடி, "இன்னைக்கும் யாரும் வரலையா?" என்று கேட்டாள். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

6. எனவே அதே குழியில் அதே பலகையை நட்டுத் தருமாறு பணிந்து கேட்கிறேன். பார்வை நேரத்தை இரவுச் சாப்பாடு முடியும்வரை நீட்டித்தால் பேருதவி. குழியை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அலுவலக நடைமுறைக்கு நாளாகும் என்பதை அறிவேன். அதுவரை தங்கள் ஊழியர் யாராவது ஒருவர் பார்வையாளராக வந்து, நாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று அவளிடம் கேட்டால் போதும். சீட்டு தேவையில்லை.

நாள்: விடுமுறை நாள், மாலை ஐந்துக்குப் பின்
இடம்: குழி இருக்கும் வாசல்

தங்கள் ஆளை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
சீட்டுப் பரிசோதகர்