குருநகரில் எல்லாரும் பெயிலான சோதனை

2025 பெப்ரவரி 5, புதன்

கேள்விக்கொத்து ஒருவழியாக முடிந்தது. இளையோரின் மனநிலையை அளக்கும் முப்பத்திரண்டு கேள்விகள். ஆங்கிலத்திலிருந்து நான் தமிழுக்குக் கொண்டுவந்தேன். கம்பஸில் இன்னொருத்தி மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாள். திட்டத்தை நடத்தும் தர்சினி மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை மேர்சி" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

இனித்தான் வேலை. குருநகரில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து அதே பிள்ளைகளுக்கு அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு தரமும் விடைகள் ஓரளவு ஒத்துவந்தால் கேள்விக்கொத்து நம்பத்தக்கது. அப்படி வந்தால் பங்குக் கோயில் மண்டபத்தின் பின்னறை எங்களுக்கு. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து மனம்விட்டுக் கதைக்கலாம். அங்கே கேட்டுக்கொண்டு இருக்கப்போவது நான். விடைகள் ஒத்துவராவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. "சந்தையிலை எனக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு, யோசியாதை" என்று அம்மா ஏற்கனவே ஆறுதல் சொல்லிவிட்டா. மீன் வெட்டத் தெரியாத மகளுக்கு!

எனக்கு அந்த அறை வேண்டும். இந்த ஊரில் ஒருத்தி அழுதால் "அழாதை" என்று சொல்லப் பத்துப் பேர் ஓடிவருவார்கள். அழவிட்டுக் கேட்க ஒருவர் இல்லை.

தாளின் தலைப்பில் காசு தரும் கனடாப் பல்கலைக்கழகத்தின் சின்னம், கலரில், மேப்பிள் இலையோடு. மேடம் வேண்டாமே என்றுதான் சொன்னார். பார்க்க ஒரு மதிப்பாக இருக்கும் என்று அடம்பிடித்தது நான்.

பெப்ரவரி 8, சனி

முதல் சுற்று நடந்தது. பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "தனியாக இருக்கவே விரும்புகிறேன்" என்ற கேள்விக்கு றொசாந்தி கை உயர்த்தினாள்.

"மிஸ், எங்கடை வீட்டிலை கக்கூசுக்கை மட்டும்தான் தனிய இருக்கலாம். அதைக் கணக்கிலை எடுக்கிறதோ?"

மண்டபமே சிரித்தது. நானும்தான். ஆனால் அதற்கு என்ன பதில்? நாலு வருடம் உளவியல் படித்தேன், ஒருவரும் இதைச் சொல்லித்தரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தாள்களைப் பார்த்தேன். "வீட்டை விட்டு எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கிறது." இதற்கு ஏறக்குறைய எல்லாரும் "எப்போதும்". கடவுளே, இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன கொடுமை நடக்கிறது?

றொசாந்தியைப் பிடித்துக் கேட்டேன். "ஓம் மிஸ், மாமா கனடாவிலை எல்லே நிக்கிறார். ஏஜென்சியிலை பைலும் குடுத்தாச்சு" என்றாள், நான் ஏதோ விளங்காதவள் போல.

பெப்ரவரி 13, வியாழன்

அதிசயம். இன்று சந்தையில் அம்மாவிடம் ஒருத்தரும் விலை குறைத்துக் கேட்கவில்லையாம். மரியரட்ணம் அன்ரி விளைமீனுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, "மேர்சிப் பிள்ளை சுகமோ?" என்று வேறு கேட்டாவாம். தவக்காலத்துக்கு முன்னமே சனம் மனம்திரும்பிவிட்டதாக்கும்.

பெப்ரவரி 22, சனி

இரண்டாம் சுற்று. என்னவோ சரியில்லை.

பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை இழுத்து வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். ஒருத்தி பேனையை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் தாய்மார் கூட்டம், கையில் செபமாலை. போன தரம் முக்கி முனகி அரை மணித்தியாலம் எடுத்த பிள்ளைகள் இன்று நாலு நிமிடத்தில் பேனையை மூடினார்கள். றொசாந்தி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. றொசாந்தி!

பெப்ரவரி 23, ஞாயிறு

எல்லாத் தாளும் ஒன்று. சோகமா? ஒருபோதும் இல்லை. கோபமா? ஒருபோதும் இல்லை. பயமா? ஒருபோதும் இல்லை. நன்றாக நித்திரை வருகிறதா? எப்போதும். குருநகரில் இரண்டே கிழமையில் அத்தனை பிள்ளைகளும் சிறகு முளைத்த சம்மனசுகளாகிவிட்டார்கள்.

கம்பியூட்டரில் போட்டேன். எல்லாரும் ஒரே விடை, ஒப்பிட ஒன்றும் இல்லை, கணக்குப் போட முடியாது என்று அது கையை விரித்தது. எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தா. "கொலின்ஸ் சேர் வகுப்பிலை டிஸ்கஷன் செய்தவராமே?"

கொலின்ஸ் சேர் இந்த ஊரின் ரியூசன் மாஸ்டர். கணிதம், விஞ்ஞானம். அவர் "இது வரும்" என்று சொன்ன கேள்வி சோதனையில் வராவிட்டால், சோதனைதான் பிழை என்பார்கள் இங்கே. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவருடைய தகரக் கொட்டகைக்குப் போனேன். கரும்பலகையில் என் கேள்விகள்! முப்பத்திரண்டும்! ஆளுக்கு இரண்டைப் பாடமாக்கி வந்து ஒப்புவித்திருக்கிறார்கள், சோதனை முடிந்து வந்தால் எப்போதும் செய்கிற மாதிரி. பக்கத்தில் சிவப்புச் சோக்கால் விடை.

"சேர், இது சோதனை இல்லை!" என்று கத்தியே விட்டேன்.

அவர் சோக்கைக் கீழே வைத்தார். "ஏன் பிள்ளை, பேப்பர் குடுத்தனீங்கள். பக்கத்திலை பாக்க வேண்டாம் எண்டனீங்கள். மேலை கனடா இலை கிடக்கு. உள்ளுக்கை வெளியாலை போக விருப்பமோ எண்டு கேட்டுக் கிடக்கு. பேந்து இரண்டு கிழமையிலை எல்லாரும் திருப்பி எழுதவேணும் எண்டு சொல்லிப்போட்டியள். அப்ப கனடாவுக்கு ஆள் எடுக்கிற சோதனையிலை எல்லாரும் பெயில் எண்டுதானே அர்த்தம்? தாய்மார் வந்து என்ரை கொட்டகையிலை நிண்டு அழுகுதுகள். நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் எங்கே பிழை? எங்கள் ஊரில் ஒரே பேப்பரை இரண்டாந்தரம் எழுதுகிறவன் பெயிலானவன்தான்.

"இந்த முறை ஒருத்தரும் தவறேல்லையே?" என்று கேட்டார், ஆவலாக.

ஐயோ.

பெப்ரவரி 26, புதன்

மேடம் திட்டவில்லை. அது இன்னும் பயம். "தாளிலை இருக்கிற இலையை எடும். அந்த வீட்டை விட்டுப் போற கேள்வியையும் மாத்தி எழுதும். மார்ச் முடியிறதுக்குள்ளை இரண்டு சுற்றும் புதுசா வைச்சு முடிச்சால் சரி. இல்லாட்டி நான் கனடாவுக்கு எழுதிப்போடுவன்."

பிள்ளைகளிடம் நான் சொன்னால் தாய்மார் நம்பமாட்டார்கள். அவர்கள் நம்புகிற ஆள் ஒரே ஆள்.

மார்ச் 2, ஞாயிறு

வெட்கத்தை விட்டுக் கொலின்ஸ் சேரிடம் போனேன். இதற்குச் சரியான விடையே இல்லை, மனதில் உள்ளதைப் போட வேண்டியதுதான் என்று வகுப்பில் சொல்லுங்கோ என்றேன். மனிதர் திகைத்துப்போனார்.

"விடை இல்லாத பேப்பரை நான் என்னெண்டு படிப்பிக்கிறது?"

"படிப்பிக்கவே வேண்டாம் சேர்! அதைத்தான் கேக்கிறன்."

"எதுக்கும் நான் ஒருக்காச் செய்து பாக்கிறன்."

புதுத் தாளை வாங்கி, பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, சிவப்புப் பேனையால் விறுவிறு என்று போட்டுக்கொண்டு போனார். கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டார். "மனதில் உள்ளதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருக்கிறார்." பேனையை மூடித் திறந்தார். பிறகு, வகுப்பில் பிள்ளை சந்தேகம் கேட்கிற மாதிரி, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, செத்த ஆக்களைக் கணக்கிலை எடுக்கலாமோ?"

அவருடைய மனுசி ஜெசிந்தா ரீச்சர் போய் மூன்று வருடம். கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. பின்னேரங்களில் உள்ளே கதைச் சத்தம் கேட்கிறது, ரேடியோவாக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"மேடத்தைக் கேட்டுச் சொல்லுறன் சேர்."

இது ஒரு பதிலா? அறை வேண்டுமாம், கேட்கப்போறாவாம். ஒரு மனுசன் வாய்திறந்து கேட்டால் மேடத்தைக் கேட்டுச் சொல்லுறாவாம். மடைச்சி.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிய வாசலில் சேர் தாய்மாரை மறித்து வைத்துச் சொன்னார். "இதுக்கும் கனடாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மார்க்ஸ் இல்லை. பாஸ் பெயில் இல்லை. பிள்ளையள் உள்ளதை எழுதட்டும். ஆரும் சொல்லிக் குடுத்தால் என்ரை வகுப்புக்கு வரத் தேவையில்லை."

கூட்டம் சோர்ந்துபோனது. மரியரட்ணம் அன்ரி மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "அப்ப அவுஸ்திரேலியாவோ சேர்?"

அம்மாவிடம் பழையபடி விலை குறைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். என்னைத்தான் ஏசுகிறா.

மார்ச் 15, சனி

திரும்பவும் முதல் சுற்று! றொசாந்தி ஆறு கேள்வி கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

நேற்றுக் கடைசிச் சுற்று. இன்று கணக்குப் போட்டேன். ஒத்துவருகிறது. அதிகம் இல்லை, போதும். பிள்ளைகள் சிலருக்குச் சோகம், சிலருக்குக் கோபம், நித்திரைக்கு ஒருத்தரும் "எப்போதும்" போடவில்லை. மேடத்துக்கு அனுப்பினேன். "பரவாயில்லை மேர்சி" என்று பதில் வந்தது.

அம்மா றால் பொரித்தா. நான் அழுதேன். "அழாதை" என்றா.

மே 3, சனி

அறை திறந்த முதல் நாள். இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் போத்தல். "இளையோருக்கு மட்டும்" என்று வாசலில் பலகை. காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. தாய்மார் மதிலுக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். நான் எனக்கு எதிரே இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பதினொரு மணிபோலக் கொலின்ஸ் சேர் வந்தார். மினுக்கின சேர்ட். பலகையை வாசித்தார்.

"எங்கடை பிள்ளையள் ஆரும் வந்தவையோ எண்டு பாக்க வந்தனான்."

"இல்லை சேர்."

"ம்." போகவில்லை. கதவுப் பிடியைத் தடவினார். "அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டனான். மேடம் என்ன சொன்னவ?"

கேட்டிருந்தேன்.

"கணக்கிலை எடுக்கலாமாம், சேர். ஆனால் உயிரோடை இன்னொரு ஆளும் இருந்தால் நல்லதாம். இருங்கோ."

கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்துவிட்டு இருந்தார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் "அழாதேங்கோ" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போகும்போது மரியரட்ணம் அன்ரி கேற்றடியில் மறித்தா. "என்ன சேர், உங்களுக்குமோ சோதனை?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். "ஓம் தங்கச்சி. பெயில். வாற சனிக்கிழமை ரிப்பீட்."